கண்ணை நம்பச் சொன்ன பாதிரியார்

1763-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹார்விச் என்ற துறைமுக ஊரில், மாதா கோவிலில் இருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள்.

ஒருவர் நல்ல பருமன். வயது 53. ஆங்கில மொழிக்கு அகராதி எழுதிப் புகழ் பெற்ற டாக்டர் ஜான்சன். மற்றவர் பாஸ்வெல் என்ற 22 வயது வாலிபர். பின்னாளில் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் இவர்தான். வெளிநாட்டுக்குப் புறப்பட்ட பாஸ்வெல்லைக் கப்பல் ஏற்றி விடுவதற்காக ஜான்சன் அங்கு வந்திருந்தார்.

பேச்சு, பத்து ஆண்டுகளுக்கு முன் இறந்து போன ஒரு பாதிரியார் பக்கம் திரும்பியது. உலகில் ஜடப்பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று புத்தகம் எழுதியவர் அந்தப் பாதிரியார். அது சரியல்ல என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. ஆனால் சரியல்ல என்று நிரூபிக்க ஒருவராலும் முடியவில்லையே என்று பாஸ்வெல் குறைப்பட்டுக் கொண்டார்.

ஜான்சன் வாதம் செய்து கொண்டிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்தார். உதைத்த வேகத்தில் அவர் கால்தான் திரும்பித் துள்ளியது. அதுவே தன் பதில் என்று சொல்லி விட்டார்.

கேட்டவர்கள் எல்லாம் ஜான்சன் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள். தத்துவ வகுப்புகளில் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாதிரியார் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால், கொஞ்சமும் கலங்கி இருக்க மாட்டார். கல் கெட்டியானது, உதைத்தால் வலிக்கும் என்பதை அவர் மறுத்ததே இல்லை. சொல்லப் போனால், கண்ணையும் கையையும் காலையும் அவ்வளவு உறுதியாக நம்பியவர்கள் குறைவு.

அவர் பெயர் ஜார்ஜ் பார்க்லி.

அயர்லாந்துச் சிறுவன்

அயர்லாந்து நாட்டில் கில்கென்னி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1685-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி பார்க்லி பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. 11 வயதில் கில்கென்னி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். கலிவர் யாத்திரைக் கதையை எழுதிய ஸ்விப்ட்டும் அவருக்கு முன் அதே பள்ளியில் படித்தவர்தான். 15 வயதில், தலைநகரான டப்ளினில் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். 22 வயதில் அந்தக் கல்லூரியிலேயே ஆசிரியர் குழுவில் இடம் பிடித்து விட்டார்.

அது அறிஞர்கள் மத்தியில் பெரிய பரபரப்பு நிறைந்த காலம். பூமியும் சந்திரனும் எப்படிச் சுற்றுகின்றன என்று நியூட்டன் கணக்குப் போட்டுக் காட்டி இருந்தார். மனிதனுக்கு அறிவு எப்படி உண்டாகிறது என்று ஜான் லாக் என்ற ஆங்கில அறிஞர் ஒரு பெரிய புத்தகம் எழுதி இருந்தார். டப்ளின் மாணவர்கள் அந்தப் புத்தகத்தை விழுந்து விழுந்து படித்தார்கள்.

லாக் சொன்னது இதுதான்: ரோஜாப் பூ சிவப்பாக இருக்கிறது, மணக்கிறது என்கிறோம். ஆனால் சிவப்பும் மணமும் பூவில் இல்லை. பூவில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். அவற்றின் வடிவமும் அசைவும் நம் கண்ணையும் மூக்கையும் தாக்குகின்றன. அதனால் நம் மனத்தில் சிவப்பு என்றும் மணம் என்றும் படங்கள் உண்டாகின்றன. நாம் நேராக அறிவது அந்தப் படங்களைத்தான். பூவை நேராக அறிவதில்லை.

இதைப் படித்த பலரும் தலையை ஆட்டினார்கள். பார்க்லி ஆட்டவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

ஒரு மனிதரின் போட்டோவை நாம் பார்க்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். அந்த மனிதரை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க முடியாது. அப்படியானால் அந்தப் போட்டோ அவரைப் போல் இருக்கிறதா, இல்லையா என்று எப்படிச் சொல்வது? அப்படி ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதையே எப்படிச் சொல்வது?

லாக் சொல்வது உண்மையானால் மனிதகுலம் முழுவதும் அந்த நிலையில்தான் இருக்கிறது. நமக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு திரை. திரையில் படம் ஓடுகிறது. திரைக்குப் பின்னால் என்ன என்று பிறந்தது முதல் இறக்கும் வரை ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது.

இந்தத் திரையைக் கிழிப்பது என்று அந்த வாலிபர் முடிவு செய்தார்.

குருடர் கண் திறந்தால்?

முதலில் அவர் கண்ணை ஆராய்ந்தார். 1709-ம் ஆண்டு, 24-வது வயதில், பார்வையைப் பற்றி ஒரு புதிய நூலை வெளியிட்டார்.

தூரத்தைக் கண் நேராகப் பார்ப்பதில்லை என்று அதில் எழுதினார். எதிரே ஒரு கம்பை, அதன் முனை கண்ணுக்கு நேராக இருக்கும்படி பிடித்தால், தெரிவது ஒரு புள்ளிதான். கம்பு ஒரு முழமா, பத்து முழமா என்று அந்தப் புள்ளி சொல்லாது. அப்படியானால் மரம் தூரத்தில் இருக்கிறது, மாடு பக்கத்தில் நிற்கிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? பழக்கத்தால் தெரிகிறது என்றார் பார்க்லி. குழந்தையாக இருந்தபோது எட்டிப் பிடித்தோம், தவழ்ந்து போய்த் தொட்டோம், முட்டிக் கொண்டோம். இன்ன விதமாகக் கண்ணுக்குத் தெரிந்தால் இத்தனை அடி நடக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக் கொண்டோம்.

எழுத்துப் படிப்பது போலத்தான் இதுவும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாளில் கோடும் சுழியும்தான் கண்ணில் படுகின்றன. நன்றாகப் படிக்க வந்த பிறகு, அம்மா என்று எழுதி இருந்தால் கோடு தெரிவதில்லை. அம்மாதான் மனதில் வந்து நிற்கிறாள். கண்ணுக்குத் தெரிவன எல்லாம் எழுத்துக்கள். அவற்றின் பொருள் தொட்டு அறிவது என்பது பார்க்லியின் கருத்து.

இந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. டப்ளினில் வில்லியம் மாலினோ என்ற விஞ்ஞானி இருந்தார். அவருடைய மனைவி லூசி, திருமணமான சிறிது காலத்திலேயே கண் பார்வை இழந்தார். மாலினோவின் மனம் எந்நேரமும் பார்வையைச் சுற்றியே ஓடியது. ஒரு கேள்வியை எழுதி, 1688-ம் ஆண்டு லாக்குக்கு அனுப்பினார்.

பிறவிக் குருடர் ஒருவர் இருக்கிறார். கையால் தடவி, இது உருண்டை, இது சதுரக்கட்டை என்று அவருக்குத் தெரியும். திடீரென்று அவருக்குக் கண் தெரிகிறது. உருண்டையையும் கட்டையையும் மேசை மேல் வைக்கிறோம். தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை, எது கட்டை என்று அவர் சொல்லி விடுவாரா?

இதுதான் கேள்வி. கேட்க எளிது. ஆனால் கண்ணும் கையும் ஒரே உலகத்தைக் காட்டுகின்றனவா என்ற பெரிய விஷயம் இதில் அடங்கி இருக்கிறது. முடியாது என்று மாலினோவும் லாக்கும் சொன்னார்கள். பார்க்லியும் முடியாது என்றார். மாலினோவின் மகன் சாமுவேல், பார்க்லிக்குக் கல்லூரி நண்பர்.

19 ஆண்டுகள் கழித்து, 1728-ல், லண்டனில் செசல்டன் என்ற டாக்டர், சிறு வயதிலேயே பார்வை இழந்த ஒரு பையனுக்குக் கண் புரையை அகற்றினார். பையனுக்கு 13 அல்லது 14 வயது. கண் தெரிந்ததும் அவன் பட்ட பாடு வேடிக்கையானது. பார்க்கும் பொருள் எல்லாம் தன் கண்ணைத் தொடுவதாக நினைத்தான். எது பூனை, எது நாய் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பலமுறை கேட்டு மறந்து போனான். மறுபடி கேட்க வெட்கம். ஒரு நாள் பூனையைப் பிடித்து, நன்றாகத் தடவிப் பார்த்து, அதன் முகத்தையே உற்றுப் பார்த்து, இனி மறக்க மாட்டேன் என்று பூனையிடமே சொல்லி விட்டு இறக்கி விட்டானாம். பார்க்லிக்கு இந்தச் செய்தி பெரிய பலம் ஆயிற்று. தன் பிந்திய நூலில் இதை எடுத்துக் காட்டினார்.

இந்தக் கேள்விக்கு இன்னும் தெளிவான விடை நம் நாட்டில் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. டெல்லியில் கண் ஆபரேஷன் செய்து பார்வை பெற்ற 5 பேரை, பவன் சின்கா என்ற விஞ்ஞானியின் குழுவினர் சோதித்தார்கள். எல்லோரும் 8 முதல் 17 வயதுக்குள் இருந்த பிள்ளைகள். கையால் தடவிய பொம்மைக் கட்டையைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்த உடனே அவர்கள் சொன்னது, குருட்டாம்போக்கில் சொல்வதற்குச் சற்றே மேல். ஆனால் சில நாட்களிலேயே நன்றாகச் சொல்லத் தொடங்கி விட்டார்கள். 2011-ல் இந்த முடிவு வெளிவந்தது.

பார்க்லி சொன்னது எல்லாமே சரி என்று ஆகி விடாது. இரண்டு கண்களிலும் விழும் படங்கள் சிறிது வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை தூரத்தை அறிய முடியும் என்று 1838-ல் வீட்ஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி காட்டினார். தொட்டுப் பழகினால்தான் ஆழம் தெரியும் என்ற கட்டாயம் இல்லை.

பைத்தியம் என்றார்கள்

அடுத்த ஆண்டே, 1710-ல், பார்க்லி தன் பெரிய குண்டைப் போட்டார். மனித அறிவைப் பற்றி ஒரு புத்தகம். ஆசிரியருக்கு வயது 25.

மூன்று பாத்திரத்தில் தண்ணீர் வைப்போம். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர், நடுவில் வெதுவெதுப்பான நீர். ஒரு கை வெந்நீரில். மறு கை குளிர்ந்த நீரில். சிறிது நேரம் கழித்து இரண்டு கையையும் நடுப் பாத்திரத்தில் விட்டால், ஒரு கைக்கு அது சில்லென்று இருக்கும்; மறு கைக்குச் சுடும். ஒரே தண்ணீர் ஒரே சமயத்தில் சூடாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க முடியுமா? அதனால் சூடும் குளிரும் தண்ணீரில் இல்லை, நம்மிடம்தான் இருக்கின்றன என்று லாக் கட்சியினர் சொல்லி வந்தார்கள்.

நல்லது, அதே வாதத்தை இன்னும் கொஞ்சம் தூரம் நடத்திப் பார்ப்போம் என்றார் பார்க்லி. வடிவமும் அளவும் மட்டும் என்ன? கோபுரம் தூரத்தில் வட்டமாகத் தெரிகிறது. பக்கத்தில் போனால் சதுரமாக இருக்கிறது. நிறம் நம்மிடம் என்றால் வடிவமும் நம்மிடம்தான். எல்லாவற்றையும் எடுத்து விட்ட பிறகு, நிறமும் மணமும் வடிவமும் அளவும் எதுவும் இல்லாமல், திரைக்குப் பின்னால் மிஞ்சி நிற்கும் அந்த ஜடப்பொருள் என்பது என்ன? ஒன்றும் இல்லை. வெறும் பெயர்.

ஆகவே ஜடப்பொருளைத் தூக்கி எறிந்து விடலாம். எறிந்தால் என்ன மிஞ்சும்? ரோஜா மிஞ்சும். அதன் சிவப்பு, மணம், முள், இதழின் மென்மை எல்லாம் மிஞ்சும். நாம் பார்ப்பது ரோஜாவின் படத்தை அல்ல, ரோஜாவையே பார்க்கிறோம். அறியப்படுவதுதான் அதன் இருப்பு.

இதுதான் அவர் கிழித்த திரை. வயலில் உழுகிறவனும் சந்தையில் விற்கிறவளும் தாங்கள் பார்ப்பதும் தொடுவதும் உண்மையான பொருள் என்று நம்புகிறார்களே, அவர்கள் நம்புவதுதான் சரி. படித்தவர்கள்தான் இல்லாத திரையைக் கட்டிக் கொண்டு தவிக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

இப்போது ஜான்சனின் கல்லை மறுபடி பார்க்கலாம். காலில் பட்ட கெட்டித்தன்மை, சுருக்கென்ற வலி, கண்ணில் தெரிந்த கருமை. இவை எல்லாம் உணர்வுகள். இவற்றின் கூட்டத்துக்குத்தான் கல் என்று பெயர் என்கிறார் பார்க்லி. உதைத்ததால் அவர் சொன்னது பொய்யாகி விடாது.

ஆனால் ஒரு கேள்வி வரும். அறையைப் பூட்டி விட்டு எல்லோரும் வெளியூர் போய் விட்டோம். பார்ப்பார் இல்லை. அறைக்குள் மேசை இருக்கிறதா, மறைந்து போகிறதா? மறையாது என்றார் பார்க்லி. மனிதன் பார்க்காத போதும் கடவுள் பார்த்துக் கொண்டிருக்கிறார். அவர் பாதிரியார் அல்லவா! அந்த ஆண்டுதான் குருப்பட்டம் பெற்றிருந்தார். கடவுள் இல்லை என்பவர்களுக்கு ஜடப்பொருள்தான் கோட்டை. அந்தக் கோட்டையை இடித்து விட்டோம் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். கடவுளை நம்பாதவரிடம் இந்தப் பதில் செல்லாது. அவருடைய வாதத்தில் பலரும் ஒத்துக் கொள்ளாத இடம் இதுதான்.

லண்டனில் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காமலே சிரித்தார்கள். ஒரு டாக்டர், இதை எழுதியவருக்கு மூளைக் கோளாறு. மருந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னாராம். ஒரு பிஷப், புதுமை செய்யும் ஆசை இந்த இளைஞரைக் கெடுத்து விட்டதே என்று வருந்தினாராம். லண்டனில் இருந்த நண்பர் பெர்சிவல் இவற்றை அப்படியே கடிதத்தில் எழுதி அனுப்பி விட்டார்.

பார்க்லி கோபித்துக் கொள்ளவில்லை. இன்னும் எளிமையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, இரண்டு நண்பர்கள் தோட்டத்தில் உலாவிக் கொண்டே பேசுவது போல அதே கருத்தை எழுதினார். 1713-ல் அதை எடுத்துக் கொண்டு லண்டனுக்கே போனார். ஸ்விப்ட் அவரை அரண்மனைக்கு அழைத்துச் சென்று பெரிய மனிதர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஆளைப் பிடித்து விட்டது. கருத்தைத்தான் பிடிக்கவில்லை.

ஸ்விப்ட் பற்றி ஒரு கதை உலவுகிறது. பார்க்லி வந்து கதவைத் தட்டியபோது அவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லையாம். கதவு என்ற பொருள்தான் இல்லையே, அப்படியே நடந்து உள்ளே வரட்டும் என்று விட்டு விட்டாராம். நடந்ததோ, கட்டியதோ, ஜான்சன் செய்த அதே தவறுதான் இதிலும்.

எரிமலை ஓரத்தில்

பிறகு இரண்டு முறை இத்தாலி சென்றார். இரண்டாவது முறை ஒரு பிஷப்பின் மகனுக்கு ஆசிரியராக நான்கு ஆண்டுகள் சுற்றினார். எதையும் காதால் கேட்டு எழுதுவது அவருக்குப் பிடிக்காது. 1717-ல் வெசூவியஸ் எரிமலை குமுறிக் கொண்டிருந்தது. மற்றவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பார்க்லி மேலே ஏறி, வாய் ஓரத்துக்கே போய், புகை விலகிய நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். கொதிக்கும் குழம்பையும் பறந்து வரும் கற்களையும் நாள் வாரியாகக் குறித்து அனுப்பினார். லண்டன் ராயல் சொசைட்டி அந்தக் குறிப்பை அச்சிட்டது. உலகம் இல்லை என்று சொன்னவராகக் கருதப்பட்ட மனிதர் செய்த வேலை இது.

அந்தப் பயணத்தில் ஒரு நஷ்டம். 1710-ல் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பாகத்தைக் கணிசமான அளவு எழுதிக் கையில் வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதி இத்தாலியில் காணாமல் போயிற்று. ஒரே விஷயத்தை மறுபடி எழுத அவருக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பாகம் உலகத்துக்குக் கிடைக்காமலே போய் விட்டது.

கடலுக்கு நடுவில் ஒரு கல்லூரி

ஊர் திரும்பியவருக்கு 1723-ல் எதிர்பாராத சொத்து வந்தது. ஸ்விப்ட் மீது காதல் கொண்டு, அது கைகூடாமல் மனம் ஒடிந்து இறந்த ஒரு பெண்மணி, தன் சொத்தில் பாதியைப் பார்க்லிக்கு எழுதி வைத்திருந்தார். அந்த அம்மையாருடன் பார்க்லிக்குப் பழக்கமே கிடையாது! அடுத்த ஆண்டில், டெர்ரி நகர் தேவாலயத்தின் தலைமைப் பதவியும் கிடைத்தது. நல்ல வருமானம்.

உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். அவருக்கு வேறு கனவு. அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்ற தீவு. அங்கே ஒரு கல்லூரி கட்டி, அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையரின் பிள்ளைகளையும் அந்நாட்டுப் பழங்குடிப் பிள்ளைகளையும் படிக்க வைப்பது என்று திட்டம் போட்டார். பகைவர்களான பழங்குடியினரின் குழந்தைகளைச் சிறை பிடித்துக் கொண்டு வந்தும் படிக்க வைக்கலாம் என்று அந்தத் திட்டத்தில் எழுதி இருக்கிறார். நல்ல மனிதர் என்று எல்லோரும் புகழ்ந்த ஒருவரின் பேனாவில் இருந்து அது வந்திருக்கிறது.

அவர் பேச்சில் லண்டன் மயங்கியது. மன்னர் உத்தரவு தந்தார். 1726-ல் பார்லிமெண்டு 20 ஆயிரம் பவுன் தருவதாக ஒப்புக் கொண்டது. 1728 ஆகஸ்டில் ஆன் பார்ஸ்டர் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த மாதமே புது மனைவியுடன் கப்பல் ஏறி விட்டார். 1729 ஜனவரியில் அமெரிக்காவில் நியூபோர்ட் நகரில் போய் இறங்கினார்.

பணம் பின்னால் வரும் என்று நம்பிப் போனவர் அங்கே காத்திருந்தார். 96 ஏக்கர் நிலம் வாங்கினார். வீடு கட்டினார். ஒயிட்ஹால் என்ற அந்த வீடு இன்றும் நிற்கிறது. மகன் பிறந்தான். மகள் பிறந்தாள், கைக்குழந்தையாகவே இறந்தாள். நியூபோர்ட் மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள். பணம் மட்டும் வரவில்லை.

பெர்முடா, அமெரிக்கக் கரையில் இருந்து 600 மைலுக்கு அப்பால் கிடக்கிறது. பிள்ளைகள் அத்தனை தூரம் எப்படி வருவார்கள் என்று லண்டனில் பலர் கேட்கத் தொடங்கினார்கள். தூரத்தைக் கண்ணால் காண முடியாது என்று புத்தகம் எழுதியவர், தேசப் படத்தில் பார்த்த தூரத்தில் ஏமாந்து போனார். கடைசி வரையில் அவர் பெர்முடாவில் கால் வைக்கவே இல்லை. மந்திரி என்ற முறையில் கேட்டால் பணம் நிச்சயம் வரும், நண்பன் என்ற முறையில் கேட்டால் பார்க்லி ஊர் திரும்புவதே நல்லது என்று பிரதம மந்திரி வால்போல் கைவிரித்து விட்டார். 1731-ல் பார்க்லி குடும்பத்தோடு திரும்பினார். நிலத்தையும் வீட்டையும் யேல் கல்லூரிக்கே கொடுத்து விட்டார். பிறகு எண்ணூறுக்கு மேற்பட்ட புத்தகங்களையும் அனுப்பினார்.

நியூபோர்ட்டில் அவர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. பண்ணை வேலைக்கு நீக்ரோ அடிமைகளை விலைக்கு வாங்கினார். அவர்களில் மூன்று பேருக்கு 1731 ஜூன் மாதம் ஞானஸ்நானம் கொடுத்தார், விடுதலை கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் அடிமைகளாகவே இருக்கலாம் என்பது அவர் கொள்கை. எந்த மனிதனும் தன் கண்ணை நம்பலாம் என்று வாதாடியவருக்கு, கண் எதிரே நின்ற மனிதர்களின் நிலைமை தெரியாமல் போயிற்று. டப்ளின் டிரினிட்டி கல்லூரி, தன் நூலகம் ஒன்றுக்கு வைத்திருந்த பார்க்லியின் பெயரை இதற்காகவே 2023-ல் எடுத்து விட்டது.

அமெரிக்காவில் ஒரு நகரம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவின் எதிர்காலத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு கவிதைக்காக, 1866-ல் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி ஊருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் அமெரிக்கர்கள் அதைப் பெர்க்லி என்கிறார்கள்.

தார்த் தண்ணீர் பிஷப்

1734-ல் அயர்லாந்தின் தென்பகுதியில் கிளோய்ன் என்ற ஏழை ஊருக்கு பிஷப் ஆனார். 18 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். நியூட்டனின் புதிய கணக்கு முறையில் தர்க்கத்துக்குப் பொருந்தாத ஓட்டை இருக்கிறது என்று அந்த ஆண்டு அவர் எழுதிய சிறு புத்தகம், கணித அறிஞர்களைத் துள்ளி எழச் செய்தது. அந்த ஓட்டையை அடைக்க அவர்களுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

1740-ல் அயர்லாந்தில் கொடும் பஞ்சம். முதலில் கடும் பனி. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே உறைந்து அழுகியது. பிறகு வயிற்றுக் கடுப்பு நோய். ஜனங்கள் லட்சக் கணக்கில் மடிந்தார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பொய்முடி வைத்து அதன் மேல் மாவு தூவிக் கொள்வார்கள். ஒரு நாள் காலை பார்க்லி மாவு தூவாத தலையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். அறுவடை வரும் வரை வீட்டில் யாரும் தலைக்கு மாவு தூவக் கூடாது என்று உத்தரவிட்டார். திங்கட்கிழமை தோறும் ஏழைகளுக்கு 20 பவுன் கொடுத்தார்.

ஊரில் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் பழங்குடியினரிடம் கேட்டறிந்த மருந்து ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. தார்த் தண்ணீர். இது ரோட்டுக்குப் போடும் தார் அல்ல. பைன் மரத்தில் எடுப்பது. ஒரு பங்கு தாருக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் கலக்கி, 48 மணி நேரம் வைத்திருந்து, தெளிந்த நீரை வடித்துக் குடிக்க வேண்டும். தானும் குடித்தார், பிள்ளைகளுக்கும் கொடுத்தார், ஊருக்கும் கொடுத்தார். பலருக்குக் குணம் தெரிந்தது. 1744-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பரபரவென்று விற்றது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் எல்லாம் வந்தது. ஜடப்பொருள் இல்லை என்ற புத்தகத்தை வாங்காத ஜனங்கள், தாரைப் பற்றிய புத்தகத்தை அள்ளிக் கொண்டு போனார்கள்!

தார்த் தண்ணீர் சர்வரோக நிவாரணி அல்ல. குடித்ததைப் பார்த்தார், காய்ச்சல் இறங்கியதைப் பார்த்தார். இரண்டும் உண்மை. குடித்ததால்தான் இறங்கியதா என்பது கண்ணுக்குத் தெரிவதல்ல. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்பதைப் புலன்கள் காட்டுவதில்லை என்று 25 வயதில் எழுதியவரே பார்க்லிதான். நெருப்பு வலியை உண்டாக்குவதாகக் கூட அவர் ஒப்பவில்லை. வலி வரப் போகிறது என்று காட்டும் அடையாளம் என்றுதான் எழுதி இருக்கிறார். பிணியால் துடிக்கும் ஜனங்களைப் பார்த்தபோது அந்தப் பழைய ஜாக்கிரதை கைநழுவிப் போய் விட்டது போலும்.

கடைசி நாள்

1751-ல் செல்ல மகன் வில்லியம் இறந்தான். பார்க்லி ஒடிந்து போனார். மற்றொரு மகன் ஜார்ஜ் ஆக்ஸ்போர்டில் படிக்கப் போனபோது, தானும் அங்கேயே போய் இருந்து விட நினைத்து, பிஷப் பதவியை விட்டு விட அனுமதி கேட்டார். மன்னர் சம்மதிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் வசிக்கட்டும், ஆனால் பிஷப்பாகவே இருக்கட்டும் என்று சொல்லி விட்டார். 1752 ஆகஸ்டில் மனைவி, மகன், மகள் ஜூலியாவுடன் ஆக்ஸ்போர்டு வந்து சேர்ந்தார்.

புறப்படுவதற்கு முன் உயில் எழுதினார். அதில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. தான் இறந்த பிறகு, உடலைக் குறைந்தது ஐந்து நாட்களாவது, அல்லது பிண நாற்றம் வரும் வரையாவது, புதைக்கக் கூடாது. அதுவரை குளிப்பாட்டக் கூடாது, அசைக்கக் கூடாது, மேலே கிடக்கும் போர்வையைக் கூட மாற்றக் கூடாது. உயிரோடு இருப்பவர்களைச் செத்ததாக எண்ணிப் புதைத்து விடுவார்களோ என்ற அச்சம் அந்தக் காலத்தில் பலருக்கு இருந்தது. பார்வைக்கு மூச்சு இல்லை என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. மூக்கும் சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தார்.

1753-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. பார்க்லி சோபாவில் சாய்ந்திருந்தார். மனைவி பைபிள் படித்துக் கொண்டிருந்தார். குடும்பத்தார் சுற்றி இருந்தார்கள். படிப்பதைக் கேட்டபடி அவர் கண் அயர்ந்து விட்டதாகவே எல்லோருக்கும் தோன்றியது. சிறிது நேரம் சென்று மகள் எழுந்து போய், தேநீர்க் கோப்பையை அவரிடம் நீட்டினாள். பதில் இல்லை. தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டு, மூட்டுகள் விறைத்திருந்தன. அத்தனை பேர் பார்த்துக் கொண்டிருக்க எப்போது உயிர் பிரிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

உயிலில் கண்டபடி உடலைக் காத்து வைத்திருந்தார்கள். ஆறு நாள் கழித்து, ஜனவரி 20-ந் தேதி, ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.